காரீயத்தைத் துரத்திய கிளேர் பாட்டர்சன்

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள பல தமிழர் வீடுகளில் ரசம் வைக்க ஈயச் சொம்பு இன்னமும் இருக்கிறது. அந்த மணம் வேறு எந்தப் பாத்திரத்திலும் வராது என்று சொல்லாத பாட்டி கிடையாது. ஆனால் ஈயம் என்ற ஒரே பேச்சுச் சொல்லில் இரண்டு உலோகங்களை நாம் சேர்த்துவிடுகிறோம். ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். வெள்ளீயத்தில் சமைத்துச் சாப்பிடலாம். காரீயமோ விஷம். உடலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. புகுந்தால் எலும்பில் தங்கி, இரத்தத்தைக் கெடுத்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

காரீயம் விஷம் என்பது பழங்காலம் தொட்டே தெரிந்த செய்தி. ஆனால் அது காற்றிலும் கடலிலும், மனிதன் வசிக்காத பனிப் பிரதேசத்திலும்கூடக் கலந்துவிட்டது என்பதை எவரும் அறியவில்லை. அதை அளந்து உலகத்துக்குக் காட்டியவர் கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க ரசாயன விஞ்ஞானி. பூமியின் வயதை முதன்முதலாகச் சரியாகச் சொன்னவரும் அவரே. இந்த இரண்டு சாதனைகளும் ஒரே வேரில் கிளைத்தவை.

தபால்காரர் மகன்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிட்செல்வில் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1922-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி பாட்டர்சன் பிறந்தார். தந்தை கிராமங்களுக்குத் தபால் கொண்டு செல்பவர். சிறு வயதில் தாயார் வாங்கிக் கொடுத்த ரசாயன விளையாட்டுப் பெட்டிதான் பையனின் மனத்தை அந்தப் பக்கம் திருப்பியது.

உள்ளூர்ப் பள்ளிப் படிப்புக்குப் பின் கிரின்னல் கல்லூரியில் சேர்ந்து, 1943-ல் ரசாயனத்தில் பட்டம் பெற்றார். அங்கே உடன் படித்த லாரி என்ற மாணவியே பின்னர் அவருடைய மனைவியானார். அயோவா பல்கலைக்கழகத்தில் மேல் பட்டமும் முடித்தபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தம்பதியர் இருவரும் அணுகுண்டுத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். முதலில் சிகாகோ, பிறகு டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ்.

ஓக் ரிட்ஜில்தான் பாட்டர்சனுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி பழக்கமாயிற்று. ஒரே தனிமத்தின் அணுக்களிலும் எடை சற்றுக் கூடியது, குறைந்தது என்று வகைகள் உண்டு. அவற்றுக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு காந்தத்தின் நடுவே ஓடவிட்டால், எடை குறைந்தவை அதிகமாக வளையும். எடை கூடியவை குறைவாக வளையும். ரயில்வே யார்டில் ஒரே கூட்ஸ் வண்டியின் வாகன்களைத் தனித்தனிப் பாதையில் பிரித்து விடுவது போல, அணுக்களை இனம் பிரித்து எண்ணுகிற கருவி அது. யுத்தத்தில் யுரேனியத்துக்காகக் கற்ற வேலை, பின்னால் காரீயத்துக்குப் பயன்பட்டது.

கூடி வந்த கணக்கு

யுத்தம் முடிந்ததும் பாட்டர்சன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுன் என்ற பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அந்த நாட்களில் மனைவி லாரி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார்.

பாறைகளின் வயதைக் கணக்கிடும் வழியைப் பிரவுன் தேடிக்கொண்டிருந்தார். யுரேனியம் தானாகவே சிதைந்து, மிக மெதுவாகக் காரீயமாக மாறும் தன்மையுள்ளது. யுரேனியத்தின் ஒரு வகையில் பாதி இப்படி மாறுவதற்கு சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு பாறைத் துணுக்கில் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு காரீயம் என்று தெரிந்தால் அதன் வயது தெரியும். யுரேனியத்தை அளக்கும் பொறுப்பு ஜார்ஜ் டில்டன் என்ற மாணவருக்கு. காரீயத்தை அளக்கும் பொறுப்பு பாட்டர்சனுக்கு.

டில்டனின் கணக்கு சரியாக வந்தது. பாட்டர்சனின் கணக்கு வரவில்லை. இருக்க வேண்டியதைக் காட்டிலும் பல மடங்கு காரீயம் ஒவ்வொரு முறையும் கூடுதலாக வந்தது. கருவியில் கோளாறு இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. அப்படியானால் அந்தக் காரீயம் எங்கிருந்து வந்தது?

வேறொருவராக இருந்தால் அளவையே கைவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். பாட்டர்சன் அந்தக் கூடுதல் காரீயத்தைத் தேட ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்; அதில் இருந்தது. கண்ணாடிக் குடுவையில் இருந்தது. கடையில் வாங்கிய அமிலத்தில் இருந்தது. சுவரின் பெயிண்டிலும், அறையின் தூசியிலும், தம் தலைமுடியிலும், தோலிலும், உடுப்பிலும் இருந்தது.

மடி காத்த சோதனைச்சாலை

1951-ல் டாக்டர் பட்டம் பெற்ற பாட்டர்சன், அடுத்த ஆண்டு பிரவுனுடன் கலிபோர்னியாவின் பாசடேனா நகருக்குச் சென்றார். கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் தமக்கென ஒரு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டார். பாட்டிமார் மடி காப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோதனைச்சாலை எப்படி நடந்தது என்பது சட்டென்று புரியும்.

வெளிக்காற்று வடிகட்டாமல் உள்ளே வரக்கூடாது. அறைக்குள் காற்றின் அழுத்தம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்; கதவைத் திறந்தால் காற்று வெளியே போகுமே தவிரத் தூசி உள்ளே வராது. அமிலங்களையும் தண்ணீரையும் அவர்களே திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தார்கள். பாத்திரங்களை அமிலத்தில் ஊற வைத்துக் கழுவினார்கள். உள்ளே வருபவர் தனி உடை, தலைக்கு உறை, கைக்கு உறை அணிய வேண்டும். தரையைத் துடைப்பது ஒவ்வொரு நாளும் நடக்கும் வேலை. அதோடு, பாறை எதுவும் போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் வைத்து முழுச் சோதனையையும் நடத்திப் பார்ப்பார்கள். அதில் வரும் காரீயமே சோதனைச்சாலையின் அழுக்கு. அந்த அளவு தெரிந்த பிறகுதான் உண்மையான சோதனை.

பின்னாளில் ஆஸ்பத்திரி முதல் மின்னணுத் தொழிற்சாலை வரை எங்கும் வந்துவிட்ட சுத்த அறைகளுக்கு இது முன்னோடிகளில் ஒன்று. பாட்டர்சன் உருவாக்கிய பெரிய கருவி எது என்று கேட்டால், காந்தமும் குழாயும் உள்ள இயந்திரத்தை விட இந்த அறையைத்தான் சொல்ல வேண்டும்.

455 கோடி ஆண்டு

பூமியின் ஆதிப் பாறைகள் உருகியும் கரைந்தும் மாறிவிட்டன. ஆகையால் பூமியோடு ஒரே காலத்தில் உண்டான விண்கற்களை எடுத்துக்கொண்டார்கள். அரிசோனா மாநிலத்தில் விழுந்த கேன்யன் டயப்ளோ என்ற இரும்பு விண்கல்லில் யுரேனியம் அநேகமாக இல்லாத ஒரு கனிமம் இருக்கிறது. ஆதியில் இருந்த காரீயம் மாறாமல் அதில் அப்படியே தங்கியிருக்கும். அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு பாட்டர்சன் 1953-ல் சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசியச் சோதனைச்சாலைக்குப் போய், அங்கிருந்த நுட்பமான கருவியில் அளந்தார்.

விடை கிடைத்த பரபரப்பில் நேராக அயோவாவில் இருந்த தாயார் வீட்டுக்குப் போனவர், மாரடைப்பு வந்துவிட்டதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார் என்பார்கள். 1956-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள். 7 கோடி ஆண்டு முன்பின் இருக்கலாம். கருவிகள் எவ்வளவோ முன்னேறிய பிறகும் அந்த எண் பெரிதாக மாறவில்லை. அப்போது அவருக்கு வயது 35 கூட நிரம்பவில்லை.

கடல் சொன்ன உண்மை

இத்தோடு நின்றிருந்தாலும் பாட்டர்சனின் பெயர் பாடப் புத்தகத்தில் நிலைத்திருக்கும். ஆனால் தம் சோதனையைக் கெடுத்த காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை.

1960-களின் தொடக்கத்தில் சகாக்களுடன் கடல் நீரை ஆராய்ந்தார். மேல் மட்டத்து நீரில் காரீயம் அதிகம். ஆழத்து நீரில் மிகக் குறைவு. மேல் நீர் ஆழத்தோடு கலக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆகவே மேலே இருக்கும் காரீயம் அண்மையில் வானத்திலிருந்து இறங்கியது என்பது தெளிவாயிற்று. வானத்துக்கு அது போன வழிகளில் முதன்மையானது பெட்ரோல் புகை.

1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், காரீயம் சேர்ந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜினில் தட்டல் சத்தம் நிற்கிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்ட விற்பனை, மீண்டும் தொடங்கி உலகம் முழுவதும் பரவியது. சின்சினாட்டி நகரில் டாக்டர் ராபர்ட் கீஹோ என்பவர், தொழில் நிறுவனங்களின் பண உதவியுடன் நடந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, மனித உடலில் காரீயம் இருப்பது இயற்கை, ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் கெடுதல் இல்லை என்று 40 ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். அவர் சொல்லே வேதவாக்காக இருந்தது.

பகையும் வந்தது

1965-ல் பாட்டர்சன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கர் உடலில் இருக்கும் காரீயம் சாதாரணமாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் அது இயற்கை அல்ல. இயற்கையாக இருக்க வேண்டியதைப் போல சுமார் 100 மடங்கு என்பது அதன் சாரம். கீஹோவின் அளவுகள் பொய்யல்ல. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மனிதர்களும், அவருடைய சோதனைச்சாலையும் ஏற்கெனவே காரீயத்தில் தோய்ந்திருந்தன என்பதே பாட்டர்சனின் வாதம்.

அதுவரை அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் பெட்ரோலியத் தொழிலின் சங்கமும் ஒன்று. அந்த உதவி நின்றது. அரசாங்கச் சுகாதாரத் துறையின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. 1966-ல் செனட் சபைக் குழுவின் முன் கீஹோவும் பாட்டர்சனும் சாட்சியம் அளித்தார்கள். 1971-ல் காற்றில் உள்ள காரீயத்தைப் பற்றித் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு குழு அமைத்தபோது, அந்தத் துறையில் அவரளவு அளந்தவர் எவரும் இல்லாதிருந்தும் அவருக்கு அதில் இடம் தரப்படவில்லை.

பாட்டர்சன் மேடைப் பேச்சில் வல்லவர் அல்ல. கோபக்காரர் என்றும் பெயர் எடுத்தவர். வாதத்தில் வெல்வதை விட்டுவிட்டு, அவர் மேலும் மேலும் அளந்துகொண்டே போனார்.

1960-களின் நடுவில் கிரீன்லாந்திலும் தென் துருவத்திலும் பனியை ஆழத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். பிளாஸ்டிக் உடுப்பு, அமிலத்தில் கழுவிய கையுறை என்று அந்தக் கடுங்குளிரிலும் அதே மடி. ஒவ்வொரு ஆண்டின் பனியும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் அது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. கி.மு. 800-ஐ ஒட்டிய பனியோடு ஒப்பிட்டால், 1965-ம் ஆண்டுப் பனியில் காரீயம் 200 மடங்குக்கும் மேல். அதில் மிகச் செங்குத்தான ஏற்றம் 1940-க்குப் பிறகு. 1969-ல் வெளியான இந்த ஆராய்ச்சியை எவராலும் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

பின்னர் பெரு நாட்டில் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்புகளைச் சோதித்தார். இக்கால மனிதர் எலும்பில் அதைவிடப் பல நூறு மடங்கு காரீயம். 1980-ல் டோரதி செட்டில் என்ற சக ஆராய்ச்சியாளருடன் சூரை மீனைச் சோதித்தார். கடலில் பிடித்த மீனில் ஒரு கிராமுக்கு 0.3 நானோகிராம். காரீயப் பற்று வைத்து மூடிய டப்பாவில் அடைத்த மீனில் 1,400 நானோகிராம். அரசாங்கச் சோதனைச்சாலை டப்பாவில் அடைக்காத மீனிலேயே 400 இருப்பதாகச் சொல்லியிருந்தது. அது மீனின் காரீயம் அல்ல, சோதித்த இடத்தின் காரீயம்!

கற்றுக் கொடுத்தது என்ன?

பாட்டர்சன் கால்டெக்கில் பேராசிரியர் பதவிக்கு வந்தது 1989-ல்தான். அதுவரை 37 ஆண்டுகள் ஆராய்ச்சியாளர் என்ற பெயரிலேயே இருந்தார். ஆனால் ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்தும் விஞ்ஞானிகள் அவரிடம் வந்து தங்கி வேலை கற்றுப் போனார்கள். அவர் கற்பித்த பாடம் ஒன்றுதான்: பிறர் அழுக்கை அளக்குமுன் உன் அழுக்கை அளந்துகொள். கடல் நீரில் உலோகங்கள் எவ்வளவு என்று அதற்கு முன் வெளியான எத்தனையோ அளவுகள் இந்தப் பாடத்தால் தள்ளுபடியாயின.

அமெரிக்காவில் 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973-ல் பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்க விதிகள் வகுக்கப்பட்டன. இது பாட்டர்சன் ஒருவரால் மட்டும் நடந்ததல்ல. கார்களில் புகையைச் சுத்தம் செய்யப் புதிதாகப் பொருத்திய சாதனத்தைக் காரீயம் கெடுத்துவிடும் என்பதும் ஒரு காரணம். குழந்தைகளின் பற்களில் காரீயத்தை அளந்து, அது கூடினால் படிப்புத் திறன் குறைவதை 1979-ல் காட்டிய டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேனுக்கும் பங்கு உண்டு. ஆனால் இயற்கை அளவு எது என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை தந்தவர் பாட்டர்சனே. பெட்ரோலில் காரீயம் குறையக் குறைய, 1970-களின் இறுதிக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையே அமெரிக்கர் இரத்தத்தில் காரீயம் முக்கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது.

1987-ல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1995-ல் சுற்றுச்சூழல் துறையின் உயர்ந்த விருதான டைலர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி, கலிபோர்னியாவில் தம் வீட்டில் ஆஸ்துமா நோயால் அவர் காலமானார். வயது 73. சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா அடியோடு தடை செய்த நாள் 1996 ஜனவரி 1. அதைக் காண அவருக்கு இன்னும் நான்கு வாரம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

நம் பக்கம்

இந்தியாவில் காரீயமில்லாத பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. அதுவரை திருமலைப் பாதையில் ஏறிய கார்களும், சித்தூர் கடைத்தெருவில் ஓடிய ஸ்கூட்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயத்தை உதறிக்கொண்டேதான் போயின. உலகத்தில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் அதை நிறுத்தியது.

ஆனால் காரீயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. பழைய பெயிண்டிலும், சாலையோர மண்ணிலும் தங்கியிருக்கும். காரீயம் கலந்த ஈயத்தில் செய்த சொம்பிலோ, அதைக் கொண்டு கலாய் பூசிய பாத்திரத்திலோ புளி ரசம் கொதித்தால் அது ரசத்தில் இறங்கும். விலை மலிவு என்று சொம்பு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய சித்தூர் ஜில்லாவில் பேட்டரித் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. 2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இங்குள்ள ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிர்வாகம் குற்றச்சாட்டை மறுத்து ஹைகோர்ட்டுக்குப் போய், அந்த உத்தரவை நிறுத்தி வைக்கச் செய்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் இரு தரப்பும் மண்ணையும் நீரையும் இரத்தத்தையும் அளந்த கணக்கையே முன்வைக்கின்றன. அளந்த கை சுத்தமா, அளந்த அறை சுத்தமா, ஒப்பிட எடுத்துக்கொண்ட மண் உண்மையிலேயே சுத்தமானதா என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு. அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர் பாட்டர்சன்.

பேட்டரி வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஒர்க்‌ஷாப்பில் பழைய பேட்டரி பிரிப்பவர்களுக்கும் அவர் வாழ்க்கையிலிருந்து ஒரு சிறு பாடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். பாசடேனாவில் பாட்டர்சன் உடுப்பு மாற்றியது தூசி உள்ளே போகாமல் இருக்க. இங்கே மாற்றுவது, அப்பா வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் மீது அந்தத் தூசி ஒட்டாமல் இருக்க.